அட்வான்ஸ் சுவத்துல இருக்குது, தம்பி

வூடு காலி பண்ணப் போறியாமே தம்பி? சந்தோஷம். வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா, இல்ல சாமான் ஏத்துற குட்டி யானைக்காரன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கியா?

சிரிக்காதப்பா. ஒரகடம் கூட்டு ரோட்டுலேர்ந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் இந்தக் கூத்தைத்தான் பாத்துகினு இருக்கேன். கம்பெனியில ஒரு நாள் லீவு வேணும்னா நாலு நாள் முன்னாடியே சூப்பர்வைசர் எதிர்ல தலையைச் சொறிஞ்சிகினு நிப்பீங்க. குடியிருக்கிற வூட்டை உட்டுப் போறதை மட்டும் ஞாயித்துக்கிழம காத்தால, பீரோவைப் பாதிப் படியில இறக்கிகினே, "அண்ணே, சாவியை எங்க குடுக்கட்டும்?"னு கேப்பீங்க. அவரு வாயெல்லாம் பல்பொடியோட நிப்பாரு. அதே வாயால, "அட்வான்ஸா? பாத்துச் சொல்றேன்"னுவாரு. அவரு பாத்து முடிக்க ஆறு மாசம் ஆவும். நீ எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்துவ.

நீ வந்தது சரியான எடம்தான். முன்னாடி எங்க பக்கம் ஏரித் தண்ணியில நெல்லு வெளைஞ்சுது. 1996ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய்க்கு அடிக்கல் நட்டாங்க. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா போன் செய்ய ஆரம்பிச்சாங்க. 2010ல ஒரகடத்துல ரெனோ நிசான் கார், 2012ல டெய்ம்லர் லாரி. கழனி போச்சு, ரூமு வெளைய ஆரம்பிச்சுது. பத்துக்குப் பத்து ரூமு, மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, வரிசையா எட்டு கதவு, கோடியில ரெண்டு பாத்ரூமு. அதுக்குப் பேரு லைன் வூடு. நானும் அப்படி நாலு கதவு வெச்சிருக்கிறவன்தான். அதனால நான் சொல்ற புத்தியைக் கொஞ்சம் சலிச்சு எடுத்துக்க. ஒண்ணை மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்: இந்தப் பேச்சுல வர்ற வூட்டுக்காரர் எவரும் நான் இல்ல. எல்லாரும் பக்கத்து ஊர்க்காரங்க.

இப்ப சொல்லு. நீ குடுத்த அட்வான்ஸ் எங்க இருக்குது? பேங்குல உன் பேரு எழுதிப் பூட்டி வெச்சிருப்பாருன்னு நெனச்சிகினு இருக்கியா? வெகுளிப் புள்ள. உன் அட்வான்ஸ் சுவத்துல இருக்குது. நீ சாஞ்சு உக்காந்து செல்லு நோண்டுறியே, அந்தச் சுவத்துலதான். மாடியில ரெண்டு ரூமு எழுப்பக் கம்பி வாங்கினது அதுல. சம்ப்பு வெட்டினது அதுல. பொண்ணுக்குத் தலை தீபாவளிச் சீரு செஞ்சதும் அதுல. சுவத்தைப் பேத்து உன் கையில குடுக்க முடியுமா? அப்ப எதுலேர்ந்து குடுப்பாரு? உனக்கு அப்புறம் வர்றவன் குடுக்கிற அட்வான்ஸ்லேர்ந்து. நீ வந்தப்ப எண்ணி வெச்சியே, அந்தத் துட்டு உனக்கு முன்னாடி இருந்த திருவண்ணாமலைப் பையன் கைக்குப் போய் எப்பவோ செலவாயிடுச்சு. ஊர்ல நடக்கிற ஏலச்சீட்டு மாதிரிதான் இது. இன்னொருத்தன் கட்டினாத்தான் உனக்கு விழும். ஒரே ஆறுதல், சீட்டு புடிக்கிறவன் ராத்திரியோட ராத்திரியா ஓடிடுவான், வூட்டுக்காரர் வூட்டை உட்டு எங்க ஓடுவாரு?

இது புரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரியும். நோட்டீஸ் நோட்டீஸ்னு சொல்றாங்களே, அது மரியாதைக்குக் குடுக்கிறது இல்ல தம்பி. துட்டு பொரட்ட அவருக்கு நீ குடுக்கிற தவணை. ஒரு மாசம் முன்னாடி சொன்னேன்னு வையி, அன்னிக்கே கதவுல "வாடகைக்கு" பலகை ஏறும். புரோக்கர் நாலு பேரைக் கூட்டியாருவான். நீ சாவி குடுக்கிற நாள்ல ஒருத்தன் கையில துட்டோட வாசல்ல நிப்பான். சொல்லாம கெளம்பினா, பலகை நீ போன பொறவுதான் தொங்கும். உன் துட்டும் அதோட சேந்து தொங்கும்.

எத்தன நாள் முன்னாடி சொல்லணும்? ஒப்பந்தத்துல இன்னா எழுதியிருக்குதோ அதான். ஒப்பந்தம் எங்கன்னு கேட்டா முழிக்கிற. பதினோரு மாசத்துக்குன்னு எழுதி, உன் கையெழுத்து வாங்கி, ஜெராக்ஸ் தரேன்னு சொன்னாரு. இன்னும் தந்துகினே இருக்காரு. அது ஏன் பதினோரு மாசம்? ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியே ஆவணும்னு 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் சொல்லுது. பதிவு ஆபீஸ் படி ஏறச் சோம்பல்பட்டு ஒரு மாசத்தை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான். எழுத்தே இல்லாத மாச வாடகை வூடுன்னா அதே சட்டத்துப்படி பதினஞ்சு நாள் நோட்டீஸ் போதும். ஆனா ஊர் வழக்கம் ஒரு மாசம். "சட்டம் பதினஞ்சுன்னு சொல்லுது"ன்னு அவருகிட்ட போய் மார் தட்டாத. நீ ஜெயிச்சிடுவ, அட்வான்ஸ் தோத்துடும். உனக்கு வேண்டியது துட்டு. ஒரு மாசம் குடு.

எழுதிக் குடு. "அண்ணே, அடுத்த மாசம் காலி பண்றேன்"னு மோட்டார் சத்தத்துல கத்திட்டுப் போறது நோட்டீஸ் ஆவாது. அவரு தலையை ஆட்டினாரேன்னு சொல்லுவ. அவரு ஆட்டினது கொசுவுக்கு. இன்னிக்குத் தேதி, காலி பண்ற தேதி, குடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாசம் வரைக்கும் வாடகை கட்டியிருக்க. நாலே வரி. வாட்ஸ்அப்ல போட்டாலும் சரி, நீலக் குறி ரெண்டு உழுந்ததும் அதைப் படம் எடுத்து வெச்சிக்க. பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், படிச்சும் நீலக் குறி உழாம வெச்சிக்கிற வித்தையைப் பேரன்கிட்ட கத்துகினு இருக்காரு. அவருக்கு மட்டும் காயிதத்துல எழுதி, நகல்ல கையெழுத்து வாங்கு.

அடுத்தது நாள் பாக்கிறது. நீ ராகு காலம் பாப்பியோ மாட்டியோ, உன் எடத்துக்கு வரப் போறவன் பாப்பான். ஆடியில யாரும் குடி போவ மாட்டாங்க, மார்கழியிலயும் மாட்டாங்க. ஆடி பொறந்ததும் நீ காலி பண்ணினா, ஆவணியில ஒருத்தன் வந்து பால் காய்ச்சுற வரைக்கும் உன் அட்வான்ஸ் வராது. அதனால ஆடி ஆரம்பத்துல சொல்லு, ஆவணி பொறந்ததும் கெளம்பு. மார்கழியில சொல்லு, தையில கெளம்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போற வண்டியிலயே கட்டிலையும் ஏத்திகினு போற பசங்க கெட்டிக்காரங்க. பீகார், ஒடிசாப் பசங்க இருக்கிற லைனுக்கு இந்தக் கணக்கு இல்ல. அவங்களுக்கு ஆடியும் ஒண்ணுதான் ஆவணியும் ஒண்ணுதான்.

தேதியிலயும் ஒரு கண்ணி இருக்குது. மாசக் கடைசியில காலி பண்றேன்னு சொல்லிட்டு, "மூணாந்தேதி வரைக்கும் இருந்துட்டுப் போறேண்ணே, புது ரூமுல பெயிண்ட் காயலை"ன்னு இழுப்ப. மாசம் பொறந்தா முழு வாடகைன்னுவாரு. மூணு நாள் தூக்கத்துக்கு முப்பது நாள் வாடகை. அந்த மூணு நாளுக்குத் தேதிக் கணக்குன்னு முன்னாடியே பேசி அந்த நாலு வரியில அஞ்சாவதா சேத்துடு.

கெட்டிக்காரத்தனம் ஒண்ணு சொல்லித் தரேன். அடுத்த ஆளை நீயே கொண்டா. உன் ஷிப்டுல வூடு தேடிகினு இருக்கிறவன் ஒருத்தன் இல்லாமயா போவான்? அவனைக் கூட்டிப் போய் நிறுத்து. வூட்டுக்காரருக்குப் புரோக்கர் கமிஷன் மிச்சம், ரூமு ஒரு நாள்கூட சும்மா கெடக்காது. அவரு மொகத்துல வெளிச்சம் வரும். ஆனா ஒண்ணு. அந்தப் பையன் துட்டை நேரா உன் பாக்கெட்டுல போட்டுக்காத. அவன் வூட்டுக்காரர் கையில குடுக்கட்டும், அவரு கையால நீ வாங்கு. குறுக்கு வழியில போனா, ரெண்டு வருஷம் கழிச்சு அவன் காலி பண்றப்ப, "நீ எனக்கு ஒத்த பைசா அட்வான்ஸ் தரலியேப்பா"ன்னு அவரு சொல்லுவாரு. அவரு சொல்றதும் நெசம்தான். அவன் உன்னைத் தேடிகினு ஓசூர் வரைக்கும் வருவான்.

வூட்டுக்காரரை உரிச்சது போதும், இப்ப உங்க தோலைப் பாப்போம். "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க"ன்னு ஒரு கூட்டம் இருக்குதே, அதுல நீயும் உண்டா? கடைசி நாலு மாசம் வாடகை தரமாட்டான். கேட்டா, "அதான் அஞ்சு மாச அட்வான்ஸ் இருக்குதே." கரண்டுக்கும் அதுலயே, உடைஞ்ச கொழாய்க்கும் அதுலயே. ஒரு நாள் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து கதவைச் சாத்திட்டுப் போயிடுவான். உள்ள பாத்தா பாக்குக் கறை, பழைய மெத்தை, மூணு காலு நாற்காலி. கழிக்கிறதுக்கு அட்வான்ஸ் இல்ல, நாற்காலிக்குக் காலும் இல்ல. அதுக்கப்புறம் அந்த வூட்டுக்காரர் அடுத்தவன்கிட்ட அஞ்சுக்குப் பதிலா எட்டு மாசம் கேப்பாரு. யாருகிட்ட? உன் ஊர்லேர்ந்து புதுசா வேலைக்கு வர்ற உன் சித்தப்பா புள்ளகிட்ட.

ஆனா கழிக்கிறதே பாவம்னு சொல்ல மாட்டேன். சொல்லாம கழிக்கிறதுதான் பாவம். அவரு கையில துட்டு இல்லன்னு உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்ப மரியாதையா கேளு: "அண்ணே, கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க, மிச்ச மூணு மாசத்தைச் சாவி குடுக்கிறப்ப குடுத்துடுங்க." அவரு பொரட்ட வேண்டிய துட்டு கொறையுது. உன் துட்டு அவருகிட்ட மாட்டிகினு இருக்கிறதும் கொறையுது. நீ எதை உடைச்சாலும் புடிக்கிறதுக்கு மூணு மாசம் அவரு கையில இருக்குது, அவருக்கும் தூக்கம் வரும். சரின்னுட்டா அதையும் அந்தக் காயிதத்துல ஏத்து.

இப்ப பெயிண்ட் விவகாரம். காலி பண்ற அன்னிக்கு வூட்டுக்காரருக்குத் திடீர்னு கண் பார்வை கூடிடும். ரெண்டு வருஷமா தெரியாத ஆணி ஓட்டையெல்லாம் தெரியும். சமையல் மேடைக்கு மேல இருக்கிற புகையைப் பாத்து நெஞ்சுல கைய வெப்பாரு. "ஒரு மாச வாடகை பெயிண்ட்டுக்குப் போச்சுப்பா"ன்னுவாரு. அதுக்கப்புறம் அந்தச் சுவத்துக்கு ஒரு டப்பா சுண்ணாம்பு வருதா, பிரஷ்ஷு வருதான்னு பாக்க நீ அங்க இருக்க மாட்ட. பக்கத்து ஊர்ல ஒரு ரூமுக்கு ஆறு பேரு வரிசையா பெயிண்ட் காசு குடுத்திருக்காங்க. இன்னும் மொதல் ஆளு ஒட்டின சாமி ஸ்டிக்கர்தான் அந்தச் சுவத்துல இருக்குது.

சட்டம் இன்னா சொல்லுதுன்னு கேக்கிறியா? 2017ல தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22லேர்ந்து நடைமுறைக்குக் கொண்டாந்தாங்க. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோட போச்சு. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதியணும். வேற விதமா ஒத்துக்கலன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நீ தர வேண்டியதைக் கழிச்சிகினு மிச்சத்தைத் திருப்பிடணும். யாரு எந்த ரிப்பேர் பாக்கணும்னு கடைசியில ஒரு பட்டியலே போட்டிருக்காங்க. வேற விதமா எழுதிக்கலன்னா, சுவத்துக்கு வெள்ளை அடிக்கிறது, கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது வூட்டுக்காரர் வேலை. கொழா மாத்துறது, வாஷர், சுவிட்சு, பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, சாக்கடை அடைப்பு உன் வேலை. பாத்தியா, ரெண்டு பேரு தலையிலயும் கொஞ்சம் கொஞ்சம் கட்டியிருக்காங்க.

குதிக்காத, இரு. இந்தச் சட்டம் நகரத்துக்கு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சின்னு இருக்கிற எடத்துக்கு. ஸ்ரீபெரும்புதூர் டவுனுக்குள்ள குடியிருந்தா நீ இதைப் பேசலாம். ஊராட்சி எல்லையில இருக்கிற லைன் வூட்டு வாசல்ல நின்னுகினு பேசினா, "இது கிராமம்பா"ன்னு சொல்லி அவரு கதவைச் சாத்தலாம். உலகம் பூரா காரும் போனும் அனுப்புற ஊரு, வாடகைச் சட்டத்துக்கு மட்டும் இன்னும் பட்டிக்காடு. அப்ப உனக்கு அந்த 1882தான் துணை. அந்தக் கெழவனும் ஒரு நல்ல வார்த்த சொல்லியிருக்கான்: வாங்கினப்ப இருந்த நெலமையில வூட்டைத் திருப்பிக் குடுக்கணும், ஆனா பொழங்கறதால வர்ற தேய்மானத்துக்கு நீ பொறுப்பு இல்ல. ரெண்டு வருஷம் சமைச்சா சுவரு கருக்கத்தான் செய்யும். பண்டிகைக்கு ஆட்டம் போட்டுக் கதவை உடைச்சா அது தேய்மானம் இல்ல ராசா, அது உன் கணக்கு.

வாங்கினப்ப எப்படி இருந்துதுன்னு எவன் கண்டான்? அதான் கேள்வி. குடி வர்ற அன்னிக்கே வெறும் வூட்டைச் செல்லுல படம் புடிக்கணும். அடுப்படிச் சுவரு, பாத்ரூம் கதவோட அடிப்பக்கம், வாஷ் பேசின், ஷீட்டு ஒழுகின கறை, சப் மீட்டர் நம்பரு. நீங்க இன்னா புடிச்சீங்க? பால் பொங்குறதை. போவட்டும். இப்ப போறப்பவாவது வூட்டைக் கழுவி உட்டு வீடியோ எடு. அடுத்த வூட்டுக்குப் போனதும் கட்டில் போடுறதுக்கு முன்னாடி படம் எடு.

கரண்டு கதைக்கு வா. உனக்கு மாசா மாசம் சப் மீட்டர் பாத்து யூனிட்டுக்கு எட்டு ரூபான்னு வாங்கறாரு. மின்வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்குது, வூட்டு இணைப்புக்கு 100 யூனிட்டு இலவசம். 2016லேர்ந்து அப்படித்தான். அந்த 100 யூனிட்டு யாருக்குப் போவுதுன்னு மட்டும் எங்கிட்ட கேக்காத. வயசானவன், காது சரியா கேக்காது. நீ பாக்க வேண்டியது ஒண்ணுதான்: சாவி குடுக்கிற அன்னிக்கு அவரையும் நிக்க வெச்சு சப் மீட்டரைப் படம் எடு, அன்னிக்கே கணக்கு முடி. "இ.பி. பில்லு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு உட்டா, உனக்கு அப்புறம் வந்தவன் ஓட்டுற ஏர் கூலரும் உன் தலையில உழும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், வெரலை மடக்கு. வாடகை 6,000. அட்வான்ஸ் அஞ்சு மாசம், 30,000. நீ ஒரு மாசத்துக்குப் பத்து நாள் கம்மியா நோட்டீஸ் குடுத்த. பக்கத்து ஊர்க்காரர் கணக்கு இப்படி: பெயிண்ட்டுக்கு 6,000, நோட்டீஸ் கொறைஞ்சதுக்கு ஒரு மாசம் முழுசா 6,000, கரண்டு 90 யூனிட்டுக்கு 720, கொழாய்க்கு 450, பாத்ரூம் கழுவ 500. ஆவ மொத்தம் 13,670. உன் கையில 16,330. இப்ப நான் போடுறேன். பெயிண்ட் அவரு பாடு. நோட்டீஸ்ல கொறைஞ்சது பத்து நாள், அதுக்கு 2,000. பாத்ரூமை நீயே கழுவிட்ட, அது இல்ல. கரண்டு 720, கொழா 450 நியாயம். மொத்தம் 3,170. உன் கைக்கு 26,830. ரெண்டுக்கும் நடுவுல 10,500 ரூபா. நாலு வரி எழுதவும், ஒரு பிரஷ்ஷு புடிச்சுத் தேய்க்கவும் சோம்பல்பட்டதுக்கு இந்தக் கூலி. உன் ஓவர்டைமுல இதைச் சம்பாரிக்க எத்தன ராத்திரின்னு நீயே சொல்லு.

ஆறு பேரு சேந்து ஒரு ரூமுன்னா அது தனிப் புராணம். அட்வான்ஸை ஆறு பங்கா போட்டுக் குடுத்திருப்பீங்க, வூட்டுக்காரருக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுதான். ஒருத்தன் போறப்ப புதுசா வர்றவன்கிட்ட தன் பங்கை வாங்கிகினு போயிடுவான். இப்படியே ஆள் மாறி மாறி, கடைசியா ரூமைக் காலி பண்றவன் தலையில ஆறு வருஷத்து ஆணி ஓட்டையும் உழும். அவன் வந்து நாலு மாசம்தான் ஆயிருக்கும். அதனால ஆள் மாறுறப்பெல்லாம் வூட்டுக்காரர்கிட்ட பேரை மாத்திச் சொல்லிடுங்க. கன்சல்டன்சிக்காரன் மூலமா வந்த வடக்கத்திப் பசங்க பாடு இன்னும் மோசம். அட்வான்ஸ் கட்டினவன் ஒருத்தன், அது சம்பளத்துல புடிபடுறது இன்னொருத்தனுக்கு, திரும்பி வாங்கிகினு போறவன் மூணாமவன். உன் பக்கத்து ரூமுல அப்படி யாராவது இருந்தா, பாஷை தெரியாட்டியும் ரசீதுன்னு சைகையாவது காட்டு.

ஆஸ்டல்ல இருக்கிற பொண்ணுங்களுக்கும் இதேதான். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் 706 கோடி செலவுல 18,720 பொம்பளப் புள்ளங்க தங்குறதுக்கு ஆஸ்டல் கட்டித் திறந்தாங்க. அதைப் பாத்ததும் எங்க பக்கத்து ஊர்க்காரர்ங்க பாதிப் பேருக்குப் பொண்ணுங்க மேல திடீர்னு பாசம் வந்துது. "அட்வான்ஸ் கொறைச்சுக்கலாம்மா, தண்ணி நல்லா வரும்மா"ன்னு. போட்டின்னு ஒண்ணு வந்தாத்தான் எங்களுக்குப் புத்தி வரும்.

வூட்டுக்காரர் நடுங்கறதும் ஒரு காலத்துல நியாயம்தான், அதையும் சொல்லிடறேன். 2014 நவம்பர் 1ஆம் தேதி நோக்கியாவுல உற்பத்தியை நிறுத்தினாங்க. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு கார் கம்பெனி போறேன்னு சொல்லி, 2022ல மறைமலைநகர் ஆலையை மூடிட்டாங்க. கம்பெனி ஒண்ணு மூடினா, அதை நம்பி இருந்த தெருவே ஒரே நேரத்துல காலி ஆவும். போறவன் நூறு பேரு, வர்றவன் ஒருத்தன். நான் சொன்னேனே, அடுத்தவன் துட்டுலதான் உன் துட்டுன்னு, அடுத்தவனே இல்லன்னா? அந்த நேரத்துல வூட்டுக்காரர் மேல பாஞ்சு பிரயோசனம் இல்ல. இத்தனாந்தேதி இவ்வளவு, அடுத்த மாசம் இவ்வளவுன்னு தவணை போட்டு எழுதி வாங்கு. மொத ஆளா போய் வாங்கு. கடைசியா போறவனுக்குச் சுவரு மட்டும்தான் இருக்கும். எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்த: எட்டு கதவு வெச்சிருந்தா ஒரு கதவு அட்வான்ஸையாவது செங்கல்லா மாத்தாம வையிங்கய்யா. சொன்னா கேக்க மாட்டாங்க. மாடியில இன்னும் ரெண்டு ரூமு எழுப்பலாமான்னு மேஸ்திரியைக் கேப்பாங்க.

எல்லாம் பண்ணியும் தரலன்னா? சண்டை போடாத, மெத்தையைத் தூக்கிப் போட்டுப் பூட்டை மாத்தாத. அப்படிச் செஞ்சா நியாயம் அவரு பக்கம் போயிடும். ஊர்ல நாலு பெரியவங்களை வெச்சுப் பேசு, டீ செலவு உன்னுது. டவுன்ல இருந்தா வாடகை அதிகாரின்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் கேட்டுப் போ. ஊராட்சியில இருந்தா வக்கீல் நோட்டீஸ்தான். வக்கீலுக்குத் துட்டு எங்க போவேன்னு அழாத. 1987ஆம் வருஷத்து சட்டப் பணிகள் சட்டத்துல தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமானம் பாக்காம இலவசமா சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டுல வட்ட சட்டப் பணிகள் குழுன்னு கேளு. மக்கள் நீதிமன்றத்துல உக்கார வெச்சுப் பேசி முடிச்சு வெப்பாங்க. கோர்ட்டு முத்திரையோட ஒரு காயிதம் வந்தாலே பக்கத்து ஊர்க்காரருக்கு நீலக் குறி தானா உழும்.

கெளம்புற அன்னிக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எத்தன சாவி வாங்கினியோ அத்தனையும் குடு, டூப்ளிகேட் போட்டதையும் சேத்து. நீ குடுத்த ஆதார் ஜெராக்ஸைத் திருப்பிக் கேளு. கேஸ் இணைப்பு, பேங்கு, வண்டி ஆர்.சி. எல்லாத்துலயும் விலாசம் மாத்து. இல்லன்னா உன் பைக் அபராதச் சீட்டு அந்த ரூமுக்கு வரும், புதுசா வந்தவன் அதுல பஜ்ஜி எண்ணெய் ஒத்தி எடுப்பான். துட்டு வாங்கறப்ப "கணக்கு தீந்தது, ரெண்டு பக்கமும் பாக்கி இல்ல"ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பாக்கி இருந்தா "தீந்தது"ன்னு மட்டும் போட்டுடாத. பேனா அவருது, கையெழுத்து உன்னுது. முழுசா துட்டு வராம சாவி போயிடுச்சுன்னா அப்புறம் நீ அவரைத் தேடணும். சாவி உன் கையில இருந்தா அவரு உன்னைத் தேடுவாரு. ஆனா அதுக்காகச் சாவியைப் புடிச்சு வெச்சிகினு வாரக் கணக்குல உக்காந்துடாத, வாடகை ஓடும்.

இன்னா கேட்ட? என் நாலு ரூமுல இருக்கிறவங்களுக்கு நான் ஒப்பந்தம் எழுதிக் குடுத்திருக்கேனா? ரசீது தரேனா? அவங்க அட்வான்ஸைத் தனியா எடுத்து வெச்சிருக்கேனா?

தோ பாரு, அங்க வர்றது உன் கம்பெனி பஸ்ஸுதானே? ஓடு, ஓடு. இன்னும் ரெண்டு நிமிஷம் நின்னியோ, உனக்கு அரை நாள் சம்பளம் போயிடும்.